கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடி செருப்பு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. மேஜைக்கு அடியில், இரும்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது, அடுத்த அறைக்குக்கூடப் போகக் கூடாது. யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் அதில் காலை நுழைக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஜோடி, கிரைண்டருக்கு ஒரு ஜோடி என்று வைத்திருக்கிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. அதனால் எங்களுக்கு அது வினோதமாகப் படவில்லை. கரண்ட் கிள்ளுகிறதா, செருப்பைப் போடு. அவ்வளவுதான் வைத்தியம்.

இன்றைக்கு அந்தச் செருப்பை என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை செய்கிறவன். மாமல்லபுரத்தில் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போய் இறங்கி, நாள் முழுக்க அளந்து பார்த்துக் கழித்துக் கட்டுவதுதான் என் வேலை. மயிரிழை கூடினாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மசிய மாட்டேன். "சாம்பாரையே ரிஜெக்ட் பண்ற ஆளு" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். இவ்வளவு கறார்ப் பேர்வழி தன் சொந்த வீட்டில் எதையெல்லாம் பாஸ் செய்தான் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சின்ன வயதில் பிரவுசிங் சென்டரில் அடுத்தவன் விளையாடுவதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். முப்பத்திரண்டு வயதில்தான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டத் துணிந்தேன். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. செங்கல்பட்டில் ஒரு கடையில், ஆபீஸ்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைத் துடைத்து அடுக்கி விற்பார்கள். கனமான இரும்புப் பெட்டி ஒன்றை அங்கே வாங்கினேன். மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். சென்னைக்கு, எலெக்ட்ரானிக் கடைகள் நெருக்கியடிக்கிற ரிச்சி தெருவுக்குப் போய், இருப்பதிலேயே மலிவான பவர் சப்ளை ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். அதன் மேல் எழுதியிருந்த சக்தியில் பாதிகூட அதற்கு இருக்காது என்று தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

எங்கள் வீடு மாமல்லபுரத்துக்குச் சற்று வெளியே, கடலிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்து நெம்மேலியில் கடல் நீரில் இருக்கிற உப்பை எடுத்துச் சென்னைக்குக் குடிக்க அனுப்புகிறார்கள். எங்கள் காற்றில் இருக்கிற உப்பை எடுக்கத்தான் ஒரு மிஷினும் இல்லை. ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள் செயின் எல்லாவற்றையும் அது தின்னும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பச்சை பூத்த இடங்களைத் துடைப்பேன். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் நான் துடைத்தேன் என்பதை மட்டும் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

என் மனைவி முதல் மாதம் முழுக்கக் கிண்டல்தான். "இன்னா மாமா, பழைய இரும்புக் கடைல போடவேண்டியத வூட்டுக்குத் தூக்கினு வந்துகீற?" பிறகு ஒருநாள் மாலை, லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். அவள் அப்பா ஜல்லி லாரி டிரைவர். வண்டியில் ஏற விட்டாரே தவிர, ஸ்டீரிங்கைத் தொட விட்டதில்லை. வருஷத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும், வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை இவளுக்கு. "தள்ளு, நான் ஓட்டறேன்" என்றாள். அவ்வளவுதான், நாற்காலி போய்விட்டது. ஆளில்லாத வெளிநாட்டு ரோட்டில்கூட இண்டிகேட்டர் போடாமல் திரும்ப மாட்டாள். என்னைக் கிளீனர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நாட்களில்தான் கிள்ளல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ஓடும்போது பெட்டியின் ஓரத்தில் முழங்கை பட்டால் சுர்ரென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். டெஸ்டரை வைத்தால் உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு. இணையத்தில் தேடினேன். எர்த் சரியில்லாத வீடுகளில் இது சகஜம், ஆளைக் கொல்லாது என்று பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். முதல் பாதியைத் தாண்டிப்போய் இரண்டாம் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

"ஒன்னும் ஆவாது. சும்மா கிள்ளும், அவ்ளோதான். செருப்பு போட்டுக்கோ. தொடச்சுகிடச்சு பண்றதுன்னா சுவிட்ச அணைச்சுடு, அப்ப கிள்ளாது" என்று அவளுக்குச் சொன்னேன். நீலச் செருப்பை வாங்கி வந்ததும் நான்தான்.

ஒரு சனிக்கிழமை, அவள் திருக்கழுக்குன்றத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், ஃபேன் மாட்ட எலெக்ட்ரீஷியன் வந்தார். எங்கள் தெருக்காரர்தான், என் வயதுதான் இருக்கும். மேஜைக்கு அடியில் செருப்பைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு ஒயர் தொங்கும் ஒரு குண்டு பல்பை எடுத்தார். ஒரு ஒயரை பிளக் பாயிண்டின் கரண்ட் ஓட்டையிலும், இன்னொன்றை மேலே இருக்கிற பெரிய எர்த் ஓட்டையிலும் செருகினார். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டுமாம். அது சும்மா தொங்கியது.

என்னை வெளியே கூட்டிப்போய், சுவரோரம் மண்ணில் நிற்கிற எர்த் பைப்பைக் காட்டினார். என் அப்பா வீடு கட்டியபோது இறக்கியது.

"மேல பாத்தா பைப்பு நல்லாதான் கீது அண்ணாத்த. கீழ உப்பு தின்னுட்ச்சு. எர்த்து எங்கயும் போவல. ஆனா உள்ள, ஃப்ரிட்ஜு, மோட்டாரு, கம்ப்யூட்டரு எல்லாத்தோட எர்த்து ஒயரும் ஒன்னோட ஒன்னு கட்டிகினு கீது. நாளைக்கு மோட்டாரு லீக் ஆவுதுன்னு வெச்சுக்கோ, அந்தக் கரண்டு மண்ணுல எறங்க வழியில்ல. நேரா உன் கம்ப்யூட்டர் பாடில வந்து நிக்கும். அப்ப கிள்ளாது. புடிக்கும்."

புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புது எர்த் இறக்கி, கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றையும் மாட்டித்தர ஒரு தொகை சொன்னார். என்னிடம் அப்போது அது இல்லை. "போனஸ் வந்ததும் செஞ்சுடலாம்" என்றேன். "மறந்துடாத அண்ணாத்த" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி திரும்பி வந்ததும் நான் இதைச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். சொன்னால் அவள் கம்ப்யூட்டரை மூட்டை கட்டச் சொல்வாள் என்பது நிஜக் காரணம். அதனால் பயம் முழுக்க என் தலையில் விழுந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் அவள் கால்தான் கண்ணில் வரும். வெறுங்காலோடு மேஜைப் பக்கம் போகிற மாதிரி. உணவு இடைவேளையில் போன் போடுவேன், எடுக்காவிட்டால் எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவேன். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன் என்பாள். "செருப்பு போட்டியா?" என்று கேட்பேன். "துணி காயப்போட எதுக்கு மாமா கம்ப்யூட்டர் செருப்பு?" என்று சிரிப்பாள். எனக்குக் கோபம் தலைக்கேறும். கத்திவிட்டு வைத்துவிடுவேன். பயத்தை வெளியே காட்டத் தெரியாத ஆள் நான், அதைக் கோபமாக்கித்தான் செலவழிப்பேன்.

ஒரு மாதம் போனால் பயமும் பழகிவிடுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டெஸ்டரின் சிவப்பு அதே மங்கலில்தான் இருந்தது. இதற்கிடையில் விளையாட்டுக்குப் புது மேப் வந்து, வண்டி விக்கி விக்கி ஓடியது. விளையாட்டுக்குள் மழை பெய்தால் ரோடு அப்படியே உறைந்து நின்றுவிடும். "கிளீனர், வண்டி இழுக்கல" என்பாள் மனைவி. அவளுக்காகவாவது ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். வசதியான காரணமும்கூட.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு போனஸ் வந்தது. அதே நாள், அணுமின் நிலையக்காரர்கள் குடியிருக்கிற அணுபுரத்தில் மாற்றலாகிப் போகிற ஓர் இன்ஜினியர் தன் பழைய கார்டை விற்கிறார் என்று போனில் விளம்பரம் வந்தது. விலை, எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டும் முடியாது. ஒன்றுதான்.

மண்ணுக்குள் போய்ப் புதைகிற பைப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? கார்டை இன்றைக்கு விட்டால் நாளைக்கு வேறொருவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எர்த் தீபாவளிக்கு அப்புறம்கூடப் போடலாம். ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன். கம்பெனியில் ஒரு போல்ட்டைக் கழிப்பதற்கு இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அணுபுரத்திலிருந்து கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெட்டிக்குள் அது நுழையவில்லை. ஹாக்ஸா பிளேடால் உள்ளே ஒரு தகட்டை அறுத்து, ஓரத்தை அரம் போட்டு வழவழப்பாக்கி மாட்டினேன். மழையிலும் வண்டி பாய்ந்து ஓடியது. மனைவி ஹாரன் அடித்துக் கொண்டாடினாள்.

கம்பெனியில் ஆயுத பூஜை ஒருநாள் முன்னதாகவே நடக்கும். பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மிஷினின் மெயினையும் அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். அது விதி. எங்கள் வரிசைக்குப் பூட்டுப் போட்டது நான்தான். சாவியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொரி சாப்பிட்டேன். வீட்டு ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. பொரியோடு அதையும் மென்று விழுங்கினேன்.

மறுநாள் காலை. முந்தின நாள் மழை ஊற்றியிருந்தது. மனைவி விடியற்காலையிலிருந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் தன் வண்டிக்குத் தானே பொட்டு வைக்கப் போவதாகச் சொன்னாள். எந்த வண்டி என்றேன். மேஜையைக் காட்டினாள். சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு பொரிகடலை, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்க மாமல்லபுரம் போனேன். பூசணிக்காய்க்காரரோடு நெடுநேரம் பேரம் பேசினேன். அந்தப் பேரத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போது, பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. வழக்கமான உறுமல் இல்லை, கரகரவென்று இருந்தது. வாசல்படியில் கால் வைத்தேன். என் பழைய செருப்புக்குப் பக்கத்தில், கழுவி, சாய்த்து, வரிசையாக வைத்திருந்தது நீலச் செருப்பு.

பூஜை போடும் இடத்தில் செருப்பு கிடக்கலாமா? எந்த வீட்டிலும் கிடக்காது. எடுத்து வெளியே வைக்கத்தான் செய்வார்கள். இத்தனை மாதமாக எத்தனையோ விதமாகப் பயந்த எனக்கு, இந்த ஒன்று மட்டும் தோன்றவே இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. ஈரத்தரை மின்னியது. அவள் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தாள். இடது கை பெட்டியின் மேல்விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. வலது கையில் சந்தனக் கிண்ணம் சாய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். அவளைப் பிடித்து இழுக்கத்தான் கை போனது. எப்படியோ அதை அடக்கிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருக்கிற மெயினுக்குப் பாய்ந்து கீழே இழுத்தேன். மோட்டார் நின்றது. ஃபேன் நின்றது. அவள் கிண்ணத்தோடு தரையில் விழுந்தாள்.

பொரி அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. எப்போது பையை விட்டேன் என்று தெரியவில்லை. அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தவள் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"செருப்பக் கழட்டு மாமா" என்றாள். "பூஜைக்கு வெச்சிகீறேன்."

ஆட்டோவில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் அவளுக்கு நாடியே நின்றுவிட்டதாகப் பதறினேன். "எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தது?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பூசணிக்காய்க்காரரிடம் இன்னும் பத்து ரூபாய்க்கு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. இதயத் துடிப்பைப் பார்க்கிற மிஷினில் ஒருநாள் முழுக்க வைத்திருந்து, ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள். அவள் இடது உள்ளங்கையில் பெட்டியின் விளிம்பு வெள்ளையாக, நீளமாகச் சூடு போட்ட மாதிரி பதிந்திருந்தது.

"சுவிட்ச அணைச்சுட்டுதானே மாமா தொட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உண்மைதான். நான் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருந்தாள். எர்த் ஒயருக்குச் சுவிட்ச் கிடையாது. பிளக் சொருகியிருந்தால் போதும், மழையில் நனைந்து கசிந்த மோட்டாரின் கரண்ட் அது வழியாக வந்து நின்றுவிடும். இதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து பைப்பைப் பிடித்து ஆட்டினார். செடியைப் பிடுங்குகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. முழங்கை நீளம்தான் இருந்தது, அதற்குக் கீழே வெறும் துருப்பொடி. "அன்னிக்கே சொன்னேனே அண்ணாத்த" என்றார். மனைவி கையில் கட்டோடு வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அப்போதே என்னைக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

கார்டைக் கழற்றி விற்றேன். அந்தப் பணத்தில் புது எர்த் இறங்கியது, கசிவுச் சுவிட்ச் மாட்டியது, மோட்டார் சரியானது. எலெக்ட்ரீஷியன் அதே குண்டு பல்பைச் செருகிக் காட்டினார். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. பெட்டியில் டெஸ்டரை வைத்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

இரண்டு வாரம் அவள் மேஜைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் மாலை, நான் வேலையிலிருந்து திரும்பியபோது லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீ போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். விளையாட்டில் மழை வந்தது. ரோடு உறைந்து நின்றது.

"அந்தக் கார்டு இன்னா ஆச்சு?" என்றாள்.

"வித்துட்டேன்."

"எதுக்கு?"

"எர்த்துக்கு."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப அந்தக் கார்டு வாங்கறப்பவே எர்த்துக்குக் காசு இருந்துச்சு" என்றாள். கேள்வி மாதிரிகூட இல்லை. நான் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

எழுந்து வாசலுக்குப் போனாள். ஆயுத பூஜையிலிருந்து அங்கேயே கிடந்த நீலச் செருப்பை எடுத்து வந்து, மேஜைக்கு அடியில் போட்டு, அதில் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்பதான் எல்லாம் சரி பண்ணியாச்சே. செருப்பு வேணாம், ஒன்னும் ஆவாது" என்றேன்.

"அப்பவும் நீ அதான் சொன்ன மாமா" என்றாள், இண்டிகேட்டர் போட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டே.